கம்பெனி மண்ணில் நஞ்சுக்கொடி

ஷாமினி பிறந்து ஐந்து வருஷம் ஆகியும் ஒரு வாய் பால் குடிக்கவில்லை, ஒரு பருக்கை சோறு தின்னவில்லை. தெலுக் பங்லிமா காராங்கில் இருந்த ஒரு கையுறைத் தொழிற்சாலை அவளுக்குச் சாப்பாடு போட்டது. காலை ஷிப்டு ஏறியதும் அவள் வயிறு நிறையும். ஷிப்டு மாறுகிற நேரத்தில் கொஞ்சம் சிணுங்குவாள். இரவு ஷிப்டு ஏறியதும் தூங்கிவிடுவாள்.

இதற்குக் காரணம் அவள் அப்பா பிரகலாதன். அந்தத் தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவன். பிள்ளை பிறந்த அன்று கிள்ளான் ஆஸ்பத்திரியில் நர்ஸ் மிஸ்ஸி ஒரு பிளாஸ்டிக் பையை முடிச்சுப் போட்டுக் கையில் கொடுத்து, நஞ்சுக்கொடி, கொண்டுபோய்ப் புதைத்துவிடுங்கள் என்றாள். வீடு இருந்தது பதினோராவது மாடியில். அவர்களுக்கென்று ஒரு பூச்சட்டி மண்கூடக் கிடையாது. கீழே விளையாட்டுத் திடலில் புதைத்தால் நாய் கிளறும். ஆற்றில் விட அவன் மனைவி புனிதவதி சம்மதிக்கவில்லை. மறுநாள் வேலைக்குப் போனபோது பையை மோட்டார் சைக்கிள் கூடையில் வைத்துக் கொண்டுபோய், பாய்லர் அறைக்குப் பின்னால் பப்பாளி மரத்தடியில் புதைத்துவிட்டு தன் ஃபோர்க்லிஃப்டில் ஏறி உட்கார்ந்தான். அவன் அப்பா அதே இடம் தோட்டமாக இருந்தபோது அங்கே எண்ணெய்ப்பனைக் குலை வெட்டியவர். அப்போதும் அது கம்பெனி மண்தான்.

பிள்ளை மார்பைத் தொடவில்லை. புனிதவதிக்குப் பால் கட்டிக் காய்ச்சல் வந்தது, பிறகு வற்றிப்போனது. புட்டிப்பாலையும் பிள்ளை துப்பியது. ஆனால் எடை ஏறியது. துணி மட்டும் நனையவே இல்லை. பப்பாளி மரத்தடி எந்த வெயிலிலும் ஈரமாகக் கிடந்தது. சுகாதாரக் கிளினிக்கில் இருந்த இளம் டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, புதிதாக ஒன்றுமில்லை என்பதுபோல் விளக்கினாள். நஞ்சுக்கொடி தாயுடையது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள், அதை உண்டாக்குவது பிள்ளை. கருப்பைச் சுவரில் வேர் மாதிரி இறங்கிப் பிடித்துக்கொள்ளும். தாய் ரத்தமும் பிள்ளை ரத்தமும் கலக்காது, நடுவில் மெல்லிய சவ்வு. சாப்பாடும் காற்றும் இந்தப் பக்கம் வரும், கழிவு அந்தப் பக்கம் போகும். நுரையீரல், குடல், சிறுநீரகம் எல்லாம் பிள்ளைக்கு அது ஒன்றுதான். பிள்ளை பிறந்ததும் அதன் வேலை முடிந்தது. உங்களுடையது முடிக்கவில்லை, அவ்வளவுதான் என்றாள். அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

கோவிட் காலத்தில் உலகமே கையுறைக்கு வரிசையில் நின்றது. தொழிற்சாலையில் ஓயாத ஓவர்டைம். ஷாமினிக்குக் கழுத்தில் மடிப்பு விழுந்தது. வேலையாட்களுக்கு வந்த நோய் எதுவும் அவளுக்கு வரவில்லை, அவர்கள் உடம்பு கற்றுக்கொண்ட எதிர்ப்பு அவளுக்கும் வந்துவிட்டது. வேண்டாததும் கொஞ்சம் ஒழுகத்தான் செய்தது. குளோரின் தொட்டிப் பக்கம் நின்றவர்களின் இருமல் அவளுக்கும் இருந்தது. திங்கட்கிழமைக் காலையில் அவள் கண் சிவந்திருக்கும், நடை கோணும். "ஒங்க கூட்டாளிங்க ஞாயித்துக்கெழமை குடிச்சது பிள்ள மூஞ்சில தெரியுது பாருங்க" என்று புனிதவதி திட்டுவாள். நோன்பு மாதத்தில் பகலில் வாடினாள், இரவு ஷிப்டில் தேறினாள். கேன்டீன் மூடியிருப்பதால் என்று பிரகலாதன் நினைத்துக்கொண்டான். பெருநாளுக்குத் தொழிற்சாலை நின்றால் அவள் உதடு வெளுத்து, பேச்சில்லாமல் படுத்துக்கிடப்பாள். மறுபடி வேலை தொடங்கும்வரை இருவரும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள்.

பிறகு கையுறை விலை விழுந்தது. வருஷக் கடைசியில் தொழிற்சாலையை மூடப்போவதாகச் சுவரில் நோட்டீஸ் ஒட்டினார்கள். புனிதவதி அன்று சோறாக்கவில்லை. "நோண்டி எடுத்து வீட்டுக்குக் கொண்டாங்க. வாளியில வச்சுக்கலாம். எங்கிட்டருந்து இழுத்துக்கட்டும்" என்றாள். அவள் பெற்ற பிள்ளைக்கு அவள் ஒரு வேளையும் ஊட்டியதில்லை. விஷயத்தைக் கேட்ட சூப்பர்வைசர் கமலநாதன் தானே மண்வெட்டியோடு கூட வந்தார். தோண்டினால் சதை எதுவும் இல்லை. சிவப்பும் நீலமுமாகக் கேபிள் தடிமனில் நரம்புகள், தொட்டால் துடித்தன. அவை பாய்லர் பக்கம் போகவில்லை, கேன்டீன் பக்கமும் போகவில்லை. கான்கிரீட்டுக்கு அடியில் கிளை பிரிந்து உற்பத்திக் கூடத்துக்குள் ஓடின. கமலநாதன் ஒரு இடத்தில் தரையை உடைத்துப் பார்த்தார்.

"டேய் பிரகா, இது மெஷினுக்குப் போகலடா. ஆள் நிக்கிற எடத்துக்குப் போகுது."

"ஆளுக்குன்னா, யாருக்குண்ணே?"

"எல்லாருக்கும்தான். எனக்கும் மத்தியானத்துல அடிவயித்துல ஒரு இழுப்பு வரும். கேஸ்னு நெனச்சு மருந்து குடிச்சிக்கிட்டு இருக்கேன், மடையன்."

பிரகலாதனுக்கும் அந்த இழுப்பு உண்டு. கூடத்தில் நேப்பாளிகளுக்கும் வங்காளதேசிகளுக்கும் இருந்தது. வேலை செய்தால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்து யாரும் யாரிடமும் சொல்லவில்லை. எடுக்க முடியாததை மறுபடி மண் போட்டு மூடினார்கள். கடைசி ஷிப்டு இறங்கியது. ஆட்கள் மேருவுக்கும் காப்பாருக்கும் காஜாங்குக்கும் பிரிந்து போனார்கள், நேப்பாளிகள் பாதிப்பேர் ஊருக்கே திரும்பினார்கள். மெஷின்களை லோரியில் ஏற்றிய பிறகு பழைய இரும்புக்காரன் வந்து கூரையைப் பிரித்தான்.

ஷாமினியின் உதடு வெளுத்தது. புனிதவதி அவளை மடியில் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. ஒரு வாரம் அப்படிப் போயிற்று. ஒரு காலையில் பிள்ளைக்குக் காதோரம் நிறம் வந்தது. பிறகு கன்னத்தில். தொழிற்சாலையில் பேக்கிங் லைனில் இருந்த வள்ளியம்மா போன் செய்தாள். மேருவில் ஒரு பிஸ்கட் கம்பெனியில் அன்றுதான் சேர்ந்திருந்தாள்.

"தம்பி, கையுறைக் கம்பெனில அடிவயித்துல வந்த அந்த எழவெடுத்த இழுப்பு இங்கயும் வந்திருச்சுடா. ஒனக்கும் வருதா?"

பிரகலாதன் அவளிடம் முழுவதும் சொன்னான். பை, பப்பாளி மரம், பிள்ளை எல்லாம்.

"அக்கா, வேணாம்னா சொல்லுங்க. எப்படி நிறுத்துறதுன்னு தெரியல, ஆனா கேக்கணும்ல."

"இருபது வருஷம் கம்பெனிக்குக் குடுத்தேன். ஒரு கிளாஸ் அளவாச்சும் பிள்ளைக்குப் போகட்டும் லா. போன வை, ஃபோர்மென் பாக்குறான்."

அவரவர் எங்கே வேலையில் நின்றார்களோ அங்கிருந்து பிள்ளைக்குச் சாப்பாடு வந்தது. கமலநாதன் காஜாங்கில் லோரி ஓட்டினார். ரோட்டில் ஜாம் இருந்த நாளில் ஷாமினிக்குச் சாப்பாடு தாமதமாகும். ஊருக்குப் போன நேப்பாளிகள் வயலில் இறங்கும் நேரத்துக்கும் அவள் வயிறு நிறைந்தது. மொத்தத்தில் முன்பைவிடக் கொஞ்சம் குறைவு. பிள்ளை மெலிந்தாள், ஆனால் தாக்குப்பிடித்து நின்றாள்.

பிரகலாதனுக்கு இரவில் காவல் காக்கும் ஜாகா வேலை கிடைத்தது. பகலில் அவன் பிள்ளையோடு இருந்ததால் புனிதவதி ஷா ஆலாமில் ஒரு கிடங்கில் பெட்டி ஒட்டும் வேலைக்குப் போனாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் பார்த்த முதல் வேலை அது. முதல் நாள், டீ நேரத்துக்கு முன்னால், டேப்பை இழுத்துக்கொண்டிருந்தபோது அடிவயிற்றில் ஏதோ இழுத்துப் பிடித்தது. மெல்லப் பிடித்து, விட்டு, மறுபடி பிடித்தது. மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, ஓகே வா?" என்றாள் பக்கத்தில் நின்ற பெண்.

"ஓகே லா" என்று சொல்லிவிட்டு, புனிதவதி அடுத்த பெட்டியை எடுத்தாள். அன்று ஓவர்டைம் வேண்டுமா என்று கேட்டபோது முதலில் கை தூக்கியது அவள்தான்.