ஷீலா டீச்சரின் முன்பல்

ஆரோக்கிய ஷீலாவின் மேல்வரிசை முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே ஒரு சந்து உண்டு. அவள் அப்பாவுக்கும் அப்படித்தான் இருந்தது. அதை அவள் ஒரு குறையாக நினைத்ததே இல்லை. குறை என்று அவள் நினைத்தது இடது பல்லின் மூலையைத்தான். சின்ன வயசில் அடிபம்பின் கைப்பிடி எகிறி அடித்ததில் அந்த மூலை நெல் அளவுக்குப் பெயர்ந்துபோயிருந்தது. அமராவதிபுதூர்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் முன்னால் சிரிக்கும்போதெல்லாம் நாக்கு தானாகப் போய் அந்த மூலையைத் தடவும்.

கல்யாணம் பேசி முடித்ததும் அந்த மூலையைச் சரி செய்துகொள்ள அவளே ஆசைப்பட்டாள். மாப்பிள்ளை அருண் ஜோசப், திருப்பத்தூரில் யூனியன் ஆபீஸ் கிளார்க். பெண் பார்க்க வந்த அன்று அவனுடைய அக்கா ஆஷ்லின் காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அந்தப் பல்லுச் சந்த மட்டும் அடைச்சுட்டா போட்டோவுக்கு லட்சணமா இருக்கும்" என்றாள். அண்ணன் சகாய ஆண்டனி தலையாட்டினான். அப்பா இறந்த பிறகு அந்த வீட்டில் தலையாட்டுவது அவன்தான்.

காரைக்குடியில் பல் டாக்டர் பூமிநாதனிடம் முதல் தடவை ஷீலா தனியாகத்தான் போனாள். அவர் கண்ணாடியை அவள் கையில் கொடுத்துப் பொறுமையாக விளக்கினார். பல்லின் நிறத்திலேயே பசை மாதிரி ஒன்று வந்திருக்கிறது, அதை மூலையில் வைத்து, நீல லைட் அடித்தால் கல்லாக இறுகிவிடும், பல்லைத் தேய்த்து ராவவே வேண்டாம் என்றார். ஷீலாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "சந்த ஒண்ணும் செய்ய வேணாம் சார். அது அப்படியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டுப் போனபோது அண்ணனும் கூட வந்தான். முன்னறையில் டாக்டரும் அவனும் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் உள்ளே நாற்காலியில் சாய்ந்து கிடந்தாள். டாக்டர் வந்து ஈறில் ஊசி போட்டார். ராவவே வேண்டாத பல்லுக்கு ஊசி எதற்கு என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் கேட்பதற்குள் வாயில் பஞ்சும் எச்சில் உறிஞ்சும் குழாயும் வந்துவிட்டன. மெஷின் கீச்சென்று சுற்றத் தொடங்கியது. தண்ணீர் தெறித்தது. மாட்டுக்குச் சூடு போடும்போது வருமே, அந்த மாதிரி ஒரு தீய்ந்த நாற்றம் மூக்கில் ஏறியது. நிறுத்தச் சொல்லி அவள் கையைத் தூக்கினாள். "இந்தா, முடிஞ்சுது டீச்சர்" என்றார் டாக்டர். முடியவில்லை.

மெஷின் ஒருவழியாக நின்றது. "வாயைக் கொப்பளிச்சுக்கங்க. அடுத்தது வலது பல்லு" என்றார்.

அடுத்தது என்ற சொல்லைக் கேட்டதும் ஷீலா எழுந்து உட்கார்ந்தாள். கொப்பளித்துத் துப்பிய தண்ணீரில் வெள்ளைத் தூள் மிதந்தது. தட்டில் கிடந்த கண்ணாடியை எடுத்துப் பார்த்தாள். இடது பல் இருந்த இடத்தில், பென்சில் சீவியதுபோல ஒரு மஞ்சள் முனை நின்றது.

"என்ன செஞ்சீக?"

மரத்துப்போன உதட்டில் எழுத்துகள் ஒட்டவில்லை. சொன்னது அவளுக்கே புரியவில்லை. மறுபடி சொன்னாள். டாக்டர் திகைத்து வாசலைப் பார்த்தார். அண்ணன் உள்ளே வந்தான்.

"ரெண்டு பல்லுக்கும் பீங்கான் கேப் போடப் போறாரு. சந்து அடஞ்சிரும். காலத்துக்கும் அப்படியே இருக்கும். படுத்துக்க."

"யாரு கேட்டா ஒங்கிட்ட?"

"மாப்ள வீட்ல கேட்டாக. ஒன் நல்லதுக்குத்தான் செய்யிது."

ஷீலா டாக்டர் பக்கம் திரும்பினாள். "எங்கிட்டக் கேட்டீகளா சார்?"

"அண்ணன்கிட்ட எல்லாம் விவரமாச் சொல்லித்தானே டீச்சர்…"

"பல்லு எங்க அண்ணனுதா?"

எச்சிலும் தண்ணீரும் தாடையில் வழிந்தன. துடைத்துக்கொள்ளவும் அவளுக்குத் தோன்றவில்லை. முகமெல்லாம் மரத்துக் கிடக்க, நெஞ்சுக்குள் மட்டும் தீயாக எரிந்தது. ராவிய பல் இனி வளராது. அது டாக்டருக்குத் தெரியும், அண்ணனுக்கும் தெரியும். தன் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு, தன்னால் ஒரு வார்த்தை பேச முடியாத நேரமாகப் பார்த்து, இரண்டு பேரும் தன்னைக் கடந்து முடிவு செய்திருக்கிறார்கள். வலது பல்லைத் தொட விடாமல் அவள் வாயை இறுக மூடிக்கொண்டாள். ராவிய பல்லில் காற்றுப் பட்டால் கூசும் என்று டாக்டர் அதற்கு மட்டும் ஒரு தற்காலிக மூடியைச் செய்து மாட்டினார். அவர் கை விலகும் வரை ஷீலா அவர் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் அவள் திருப்பத்தூருக்கு பஸ் ஏறினாள். கல்யாணத்துக்கு முன்னால் பெண் அங்கே போகக்கூடாது என்று அம்மா சகாயம்மாள் வாசல்வரை வந்து கெஞ்சினாள். ஷீலா நிற்கவில்லை.

அருண் ஜோசப் அவளைப் பார்த்ததும் பதறி நாற்காலி எடுத்துப் போட்டான். அவள் உட்காரவில்லை.

"ஒங்களுக்கு என் பல்லு பிடிக்கலையா?"

"பிடிக்கலன்னு இல்ல. அக்கா சொன்னுச்சு. நானும் சரின்னேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

"ஒங்க அண்ணன் கேட்டிருப்பாகன்னு நெனச்சேன்."

டாக்டர் சொன்ன அதே பதில். மூன்று ஆம்பிளைகளும் ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கொண்டார்களே தவிர, பல்லுக்கு உடையவளை யாரும் கேட்கவில்லை. அவன் கெட்டவன் இல்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. அதுவே இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. கெட்டவனாக இருந்தால் திட்டிவிட்டாவது போயிருப்பாள்.

"நாளைக்குக் கோயில்ல கல்யாண ஓலை வாசிக்க வேணாம்னு ஃபாதர்கிட்டச் சொல்லப் போறேன். இந்தக் கல்யாணம் வேணாம்."

ஆஷ்லின் அடுப்படியிலிருந்து வந்தாள். "ஒரு பல்லுக்காகவா?"

"ஒரு பல்லோட நின்னதே நான் வாய மூடுனதாலதான்."

அருண் ஜோசப் ஏதாவது சொல்வான் என்று அவள் கொஞ்சம் நின்று பார்த்தாள். அவன் அக்காவைப் பார்த்தான். ஷீலா படியிறங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் ஓலை வாசிக்கப்படவில்லை. அண்ணன் வீட்டில் பாத்திரத்தை எறிந்தான், ஊருக்குள் தலைகாட்ட முடியவில்லை என்று கத்தினான். ஷீலா சோற்றைத் தட்டில் போட்டுக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்ச் சாப்பிட்டாள். இடது பக்கம் தண்ணீர் பட்டாலே சுரீர் என்றது.

ராவிய பல்லுக்கு டாக்டர் அளவு கொடுத்து மதுரை லேப்பிலிருந்து கேப் செய்து வந்தபோது அது அகலமாக இருந்தது. சந்து பாதி அடைந்திருந்தது.

"வேற செய்யச் சொல்லுங்க. பழையபடி சந்து வேணும்" என்றாள்.

"சந்து வச்சுக் கேப் கேக்குறவங்க யாரும் இல்ல டீச்சர். லேப்ல சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். நீங்க எழுதி அனுப்புங்க."

அவர் எழுதி அனுப்பினார். நிறமும் அவளே பார்த்துச் சொன்னாள். பொய்ப்பற்கள் வரிசையாகச் செருகியிருந்த பட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, அவர் காட்டிய வெள்ளையை ஒதுக்கிவிட்டு, தன் வலது பல்லோடு சேர்கிற லேசான மஞ்சளைத் தொட்டாள். இரண்டாவது கேப் வந்த அன்று டாக்டர் ஒவ்வொன்றுக்கும் அவளைக் கேட்டார். பஞ்சு வைக்கட்டுமா, ஒட்டிவிடட்டுமா என்று கேட்டார். ஒட்டி முடித்ததும் தட்டைப் பார்த்தபடி, "நான் அன்னிக்கே ஒங்களத்தான் கேட்டிருக்கணும்" என்றார். ஷீலா, பரவாயில்லை என்று சொல்லவில்லை.

கேப் அச்சாக அமைந்திருந்தது. மூலை நேராக இருந்தது, சந்து பழைய இடத்தில் பழைய அளவில் இருந்தது. எது பல், எது பீங்கான் என்று பெற்ற தாய்க்கும் தெரியாது.

அம்மா சொல்லி அனுப்பியதால் அண்ணன் கூட்டிப்போக வந்திருந்தான். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து அவள் வாயைச் சாய்ந்து பார்த்தான். அவன் முகத்தில் பாரம் இறங்கிய தெளிவு இருந்தது.

"பாத்தியா. ஒரு வித்தியாசமும் தெரியல. இதுக்குப் போயி இம்புட்டு ஆட்டம் ஆடிட்ட."

ஷீலாவுக்கு உச்சந்தலைவரை சுருக்கென்று ஏறியது. வேலை சுத்தமாக முடிந்திருந்தது. அவ்வளவு சுத்தமாக முடிந்ததால் அண்ணனைப் பொறுத்தவரை எதுவுமே நடக்கவில்லை. பீங்கானுக்கு உள்ளே தன் பல் சீவிய முனையாக நிற்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

அவள் எழுந்து முன்பக்கம் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பஸ்ஸில் பாதி சீட்டுகள் காலியாகத்தான் இருந்தன. பின்னாலிருந்து அண்ணன் கூப்பிட்டான். ஊர் வரும்வரை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.