சுடுகிறவளும் தடுக்கிறவரும்

1

இந்தக் கதையை எழுதச் சொன்னது என் அக்கா. எழுதியதைப் படித்துவிட்டுக் கிழித்துப் போடச் சொன்னதும் அவள்தான். நீங்கள் படிப்பது கிழித்ததுபோக மிஞ்சியது.

முதலில் எழுதிய தொடக்கம் இது: ‘அன்றும் அத்தான் குடித்துவிட்டுத்தான் வந்தார். அக்கா கதவைத் திறக்காமல்—’

அதற்குமேல் அவள் படிக்கவில்லை.

“காப்பியையே பாதி டம்ளரோட வச்சிடுற மனுஷன். அவரு கையில எதுக்கு பாட்டிலைக் குடுத்தே?”

“ரெண்டு பேரும் பிரியப்போறீங்கன்னா ஒரு காரணம் வேணுமே அக்கா. படிக்கிறவங்க கேப்பாங்க.”

“காரணம் இருந்திருந்தா நாங்க சண்டையாவது போட்டிருப்போம்.”

ஆகவே அத்தானிடமிருந்து பாட்டிலைப் பிடுங்கிவிட்டேன். இனி அவர் இருக்கிறபடியே வருவார்: லிஃப்ட் பழுது பார்ப்பவர், மெதுவாகச் சாப்பிடுபவர், ஒரு வார்த்தை போதுமென்றால் அதையும் தலையசைப்பில் முடித்துக்கொள்பவர். அக்கா பல் செட் செய்யும் கூடத்தில் வேலை பார்க்கிறாள். முகம் தெரியாதவர்களுக்காக நாள் முழுக்க மெழுகில் பல்வரிசை அடுக்குகிறாள்.

2

கல்யாணமான புதிதில் அவர்கள் டீவியில் ஆட ஒரு கேமை டவுன்லோட் செய்தார்கள். எளிய கேம். இரண்டு விண்கலங்கள் அருகருகே பறக்கும். எதிரே வருவதையெல்லாம் சுட்டுத் தள்ள வேண்டும், அவ்வளவுதான். வேலை விட்டு வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே அதைப் போட்டுவிடுவார்கள். ஆடி ஆடி, யார் எங்கே நகர்வார் என்பது இருவருக்கும் அத்துப்படி. பேச்சே தேவைப்படவில்லை. சில வருஷங்களில் கேமுக்கு வெளியேயும் தேவைப்படவில்லை.

[இந்த இடத்தில் தாம்பத்யத்தையும் மௌனத்தையும் பற்றி ஒரு பத்தி இருந்தது. அக்கா பேனாவால் அடித்துவிட்டு ஓரத்தில் ‘அளக்காதே’ என்று எழுதியிருக்கிறாள். எடுத்துவிட்டேன்.]

3

அத்தானுக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. “நீ வர வேணாம்னு நெனைக்கிறியா?” என்று அவர் கேட்டார். “நான் வர வேணாம்னு நீங்க நெனைக்கிறீங்களா?” என்று இவள் கேட்டாள். இரண்டு கேள்விகளும் அப்படியே நின்றுவிட்டன. பிரிவதென்ற முடிவு அப்படித்தான், யாரும் எடுக்காமலே எடுக்கப்பட்டது. வேனுக்குச் சொல்லியாயிற்று. மூட்டை கட்ட உதவுவதற்காக நான் போய்ச் சேர்ந்தேன்.

அந்த இடைவெளியில்தான் அந்தக் கேமின் இரண்டாம் பாகம் வெளியானது. டவுன்லோட் பொத்தானை அழுத்தியது யார்? ‘அவருதான்’ என்கிறாள் அக்கா. ‘அவதான்’ என்கிறார் அத்தான்.*

* நான் அழுத்தவில்லை. கதாசிரியன் அப்படியெல்லாம் செய்யக்கூடியவன்தான். ஆனால் அன்றைக்கு நான் பாத்திரங்களைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தேன்.

புதிய கேம் கல்நெஞ்சுக்காரக் கேம். ஒரு கலத்தால் சுட மட்டுமே முடியும். இன்னொன்றிடம் கவசம் மட்டுமே உண்டு. சுடுகிறவளுக்குத் தன் முதுகுப்பக்கம் தெரியாது. தடுக்கிறவருக்கோ எதிரே என்ன வருகிறதென்று தெரியாது. பழைய பழக்கத்தில் வாயை மூடிக்கொண்டு இறங்கினார்கள். கண்ணிமைக்கும் நேரத்தில் இருவரும் சாம்பல்.

“எங்க இருக்கீங்க?”

“உன் பின்னாடிதான்.”

“பின்னாடின்னா எந்தப் பின்னாடி?”

“நீ திரும்பிட்டா முன்னாடி.”

மறுபடி சாம்பல். அக்கா சிரித்தாள். அட்டைப்பெட்டி ஒன்றின்மேல் உட்கார்ந்திருந்த நான் திரும்பிப் பார்த்தேன். அவள் சிரித்து நான் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. “இன்னொரு தடவ” என்றாள். அத்தான் ஏற்கெனவே பொத்தானில் விரலை வைத்திருந்தார்.

4

அந்தக் கேமின் கடைசி எதிரியை எப்படி வர்ணிப்பது என்று தெரியவில்லை. அது தூங்கிக்கொண்டிருக்கும் ஒரு நிலா. மூச்சு விடும்போது அதன் உடம்பிலிருந்து ஒளித்துகள்கள் கிளம்பும். பஞ்சு வெடித்துப் பறப்பதுபோல, அவசரமே இல்லாமல் திரை முழுக்க மிதந்து வரும். தொட்டால் மரணம். ஆனால் விலகத் தோன்றாது, பார்த்துக்கொண்டே இருக்கலாம்போலிருக்கும். சாயங்கால வெளிச்சம் வடியும்போது அந்த நீலம் கூடத்துக்குள் கசிந்து வரும். பெட்டிகளின் விளிம்புகள் கரையும். ‘கண்ணாடி, ஜாக்கிரதை’ என்று நான் எழுதி ஒட்டிய எழுத்துகள் கரையும். தரை இருந்த இடத்தில் தண்ணீர் இருப்பதாகவும், மூன்று பேரும் மிதப்பதாகவும் எனக்குத் தோன்றும்.

தோற்றார்கள். ருசித்துத் தோற்றார்கள். ஒவ்வொரு தோல்வியும் முந்தியதைவிடக் கொஞ்சம் தள்ளிப்போய் நிகழ்ந்தது. தோல்விக்கும் அடுத்த ஆட்டத்துக்கும் நடுவே பேச்சு தானாக வந்து விழுந்தது.

“லிஃப்ட் கூண்டு மேல நின்னு வேலை பாக்கறப்போ,” என்றார் அத்தான், “எல்லா மாடிப் பேச்சும் கலந்து கேக்கும். யாரு என்ன பேசுறாங்கன்னு தெரியாது. ஆனா கேட்டுட்டே நிக்கலாம்போல இருக்கும்.”

அக்கா கன்ட்ரோலரை மடியில் வைத்தாள். “இத்தனை வருஷத்துல இதை ஏன் சொல்லல?”

“மறைக்கல. சொல்ற மாதிரி ஒரு நேரம் வரல.”

“நான் செஞ்ச பல்லை யாராவது சிரிக்கறப்போ பாக்கணும்னு எனக்கு ஆசை. ஒரு தடவகூடப் பாத்ததில்ல.”

“அதை நீ ஏன் சொல்லல?”

இதற்கு அக்கா என்ன பதில் சொன்னாள் என்பது— வேண்டாம். அடுத்த ஆட்டம் தொடங்கிவிட்டது.

5

வேன் வரவேண்டிய காலை. பெட்டிகள் எல்லாம் கட்டியாயிற்று, டீவியைத் தவிர.

“ஒரே ஒரு ஆட்டம்” என்றார் அத்தான்.

பலமுறை தோற்றவர்களிடம் அந்தக் கேம் இரக்கத்தோடு கேட்கும்: ‘எளிதாக்கவா?’ அன்றும் கேட்டது. நேரமாகிறதே என்று நான் கை நீட்டினேன். “வேணாம்” என்று இரண்டு குரல்களும் ஒன்றாக வந்தன.

(முடிவு அ: பிரிய மனமில்லாமல் அக்கா வேண்டுமென்றே தோற்றாள். ஓரக் குறிப்பு: ‘தோக்கறதா, நானா? இதை அடிச்சிடு.’)

(முடிவு ஆ: இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள், அப்போது வெளியே மழை— இதை நானே அடித்துவிட்டேன்.)

நடந்தது இதுதான். நிலாவில் விரிசல் விட்டது. கவசத்தின் சக்தி தீரும் நிலை. துகள்கள் நாலாபக்கமும் நெருங்கின. அத்தான் வழக்கம்போல அவளுக்கு முன்னால் போய் நிற்கப் பார்த்தார்.

“தடுக்காதீங்க,” என்றாள் அக்கா. “விலகுங்க. எனக்கு வழி தெரியுது.”

“நிஜமாவா?”

“நிஜமாத்தான்.”

அவர் விலகினார். அவள் கலம் துகள்களுக்கு நடுவே, ஊசிக்குள் நூல் நுழைவதுபோல் நுழைந்தது. ஒரே ஒரு குண்டு. நிலா கண் திறந்தது. கோபமில்லாத கண். திரை வெளுத்து, அகன்ற நீர்ப்பரப்பாகி, அதன்மேல் இரண்டு கலங்களும் சுடாமல் தடுக்காமல் சும்மா மிதந்தன.

யாரும் கத்தவில்லை. அத்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெகுநேரம் திரையையே பார்த்ததால் இருக்கலாம்.

கீழே ஹார்ன் சத்தம். அவர் எழுந்துபோய் ஒரு காலில் செருப்பை மாட்டினார். அப்போது திரையில் எழுத்துகள் வந்தன: ‘இதைவிடக் கடினமான ஆட்டம் திறந்திருக்கிறது. இனி சுட்டவர் தடுக்க வேண்டும். தடுத்தவர் சுட வேண்டும்.’

அத்தான் இன்னொரு செருப்பைக் கையில் பிடித்தபடி அதைப் படித்தார். அக்காவும் படித்தாள்.

“தம்பி,” என்றாள் திரும்பாமலே. “கீழ போய் வேன்காரர்கிட்ட சொல்லிட்டு வா.”

“என்னன்னு?”

அக்கா அத்தானைப் பார்த்தாள். அத்தான் அக்காவைப் பார்த்தார். நான் படியிறங்கினேன்.

6

வேன் டிரைவர் பின்கதவைத் திறந்து வைத்திருந்தார். தோளில் கயிற்றுச்சுருள்.

“என்ன சார், ஏத்தலாமா?”

நான் என்ன சொன்னேன் என்பது எனக்குத் தெரியும், அக்காவுக்கும் தெரியும். அதை எழுதினால் கதையை நிஜமாகவே கிழித்துவிடுவேன் என்கிறாள். ஆகவே அவருக்கு எதிரே உங்களை நிறுத்திவிட்டு நான் ஓரமாக ஒதுங்குகிறேன். நல்ல மனிதர், பொறுமைசாலி. ஆனால் அவருக்கு இன்னொரு வீட்டு வேலையும் இருக்கிறது.

கேட்டுவிட்டு உங்கள் முகத்தையே பார்க்கிறார். சொல்லுங்கள்.