சாம்பல் சந்தின் அகலம்

மார்ச் மாதத்து இரண்டாம் செவ்வாய்க்கிழமை, காலை பத்தே முக்காலுக்கு, ஜெனோவாத் துறைமுகத்தின் பின்னால் இருக்கும் சாம்பல் சந்து இரண்டு விரற்கடை குறுகியது. அதை முதலில் கவனித்தவள் கிளேலியா. நான்காம் மாடியில் அவள் சன்னலுக்கும் எதிர்வீட்டுத் தொமாசினாவின் சன்னலுக்கும் நடுவே கட்டியிருந்த துணிக்கொடி தொய்ந்துபோய், ஈரப் போர்வை மூன்றாம் மாடிச் சன்னலை மறைத்தது. கொடியை இழுத்துக் கட்டினாள். வெள்ளிக்கிழமை மறுபடி தொய்ந்தது. மே மாதம் பிறப்பதற்குள் ஒரு முழத்துக்கு மேல் கயிற்றை வெட்டி எறிந்திருந்தாள். பொறியாளர்கள் இரண்டு பேர் வந்து அளந்தார்கள். சுவர்கள் நகரவில்லை, நடுவில் உள்ள தூரம்தான் குறைந்திருக்கிறது என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார்கள்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் பழந்துறை நண்பர்கள் சங்கம் ஒரு வழித்தாள் அச்சிட்டது. வழிகாட்டி வேண்டியதில்லை, தாளைக் கையில் பிடித்துக்கொண்டு, கலங்கரை விளக்கத்தில் தொடங்கிப் பதினான்கு இடங்களைத் தாமே சுற்றிப் பார்க்கலாம். ஒன்பதாவது இடம் சாம்பல் சந்து. மூலையில் மாதா மாடத்துக்குக் கீழே பித்தளையில் எண் பதித்தார்கள். நாற்பது வருடமாக நாறிக்கொண்டிருந்த சாக்கடையைச் சரிசெய்து தந்தார்கள். பதிலுக்குச் சந்தின் ஏழு குடித்தனங்களும் ஒரு காகிதத்தில் கையெழுத்திட்டன: பயணிகள் காதில் விழும்படி யாரும் முணுமுணுக்க மாட்டோம். வேறு ஊராக இருந்தால் இதில் ஒன்றுமில்லை. கப்பலில் முணுமுணுக்க அனுமதி உண்டென்றால் குறைந்த கூலிக்கும் சம்மதித்து ஏறியவர்கள் ஜெனோவாவின் பழைய மாலுமிகள். அவர்கள் வழி வந்தவர்கள் ஒரு சாக்கடைக்காக அந்த உரிமையைக் கொடுத்துவிட்டார்கள். பயணிகள் விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும்வரை வந்தார்கள். சந்துக்காரர்கள் சன்னலில் நின்று சிரித்தார்கள். வாய்வரை வந்ததை விழுங்கினார்கள்.

கிளேலியாவின் கணவன் ஜெரோலமோ முப்பது வருடம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன். நூற்று முப்பது கிலோ. மே மாதக் கடைசித் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அவனுக்கு இருதய அறுவை. தள்ளிப்போட்டால் கோடையைத் தாண்ட மாட்டான் என்று மருத்துவர் கிளேலியாவிடம் தனியாகச் சொல்லியிருந்தார். வெட்டிய கயிற்றை எடுத்து அவன் வயிற்றை முன்னிருந்து பின்வரை அளந்தாள். இறங்கிப் போய்ச் சந்தின் அகலத்தை அளந்தாள். நான்கு விரல் மிச்சம். ஆறு நாளும் மிச்சம்.

“இன்னிக்கே இறங்கிடலாம், ஜெரோ. என் தங்கச்சி வீட்ல இருந்துக்கலாம்.”

“உன் தங்கச்சி வீட்ல இருக்கறதுக்கு இங்கேயே செத்துடலாம். முடியலேன்னா கிரேன்காரனக் கூப்பிடு. கூரை வழியாத் தூக்கட்டும். என்னை மாதிரி அலுங்காமத் தூக்க மாட்டான், அவ்வளவுதான்.”

சனிக்கிழமை நெத்திலி விற்கிறவள் ஒருத்தி, வெளியூர்க்காரி, தன் மூட்டுவலியையும் மருமகனையும் திட்டிக்கொண்டே சந்து வழியாகப் போனாள். சந்து அகன்று கொடி விறைத்தது. ஒரு கவ்வி தெறித்து விழுந்தது. கிளேலியா அதைப் பார்த்தாள், புரிந்துகொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஏழு குடித்தனங்களையும் சன்னலுக்கு அழைத்தாள். அவர்கள் காற்றைப் பற்றி முணுமுணுத்தார்கள், புறாக்களைப் பற்றி, கால்பந்துக் குழுவைப் பற்றி. கொடி அசையவில்லை. எல்லாம் மனப்பாடம் ஒப்பிப்பதுபோல் இருந்தது.

“பழக்கம் விட்டுப்போச்சுடி,” என்றாள் தொமாசினா. “சிரிச்சுச் சிரிச்சு தாடை இப்படியே நின்னுடுச்சு.” பிறகு, யாரையும் பார்க்காமல், அம்மா சாகும்போது தன் அக்கா ஒரு நாள்கூட வந்து நிற்கவில்லை என்றாள். கொடி ஒரு விரல் இறுகியது. மெய்யாக இருந்தால்தான் சந்து கேட்கும் என்று எல்லோருக்கும் தெரிந்தது. ஒவ்வொருவராகச் சன்னலைச் சாத்திக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை ஏழு மணிக்கு ஆம்புலன்ஸ் சந்து முனையில் வந்து நின்றது. ஜெரோலமோ பக்கவாட்டில் நடந்தான். கிளேலியா முன்னால் போய் அவன் கையை இழுத்தாள். பித்தளை எண்ணுக்கு நேரே அவன் சிக்கிக்கொண்டான். அவன் பின்னால் இரண்டு பயணிகள் தாளோடு வந்து நின்றார்கள். தொமாசினா பழக்கத்தில், “வாங்க, வாங்க,” என்று சிரித்துவிட்டாள். சந்து இன்னும் அரை விரல் குறுகியது. அவன் உதடு நீலமானது.

“ஏதாவது சொல்லு,” என்றாள் கிளேலியா. “நெஜமாச் சொல்லு.”

“நீ பெஸ்தோத் துவையல் அரைச்சா பூண்டு தூக்கல்.”

ஒரு விரல்.

“உங்கப்பன் குடுத்த கட்டில் குட்டை. நாப்பத்தோரு வருஷமா காலை மடக்கிப் படுக்கறேன்.”

இரண்டு விரல். அது போதவில்லை. அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

“கடல் தாண்டி மோன்டெவிடியோ போற கப்பல்ல எனக்கு இடம் கிடைச்சுது. படிவரைக்கும் போனேன். நீ அழுவியேன்னு திரும்பிட்டேன். அன்னிலேருந்து தினம் காலையில அந்தப் படியில ஏறிட்டுத்தான் எந்திரிக்கறேன்.”

சந்து திறந்தது. கொடி அறுந்து போர்வைகள் பயணிகள் மேல் விழுந்தன. எதிரெதிர் வீடுகளுக்கு நடுவே ஒன்பது மீட்டர். ஆம்புலன்ஸ் உள்ளே வந்து, திரும்பி, அவனை ஏற்றிக்கொண்டு போனது. எட்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மருத்துவமனையில் இருந்தான்.

சங்கம் வழித்தாளை மறுபடி அச்சிட்டது. ஒன்பதாவது இடம் இப்போது சாம்பல் சதுக்கம். கையெழுத்திட்ட காகிதத்தைத் தொமாசினா கிழித்தாள், ஆளாளுக்கு முணுமுணுக்கிறார்கள், பயணிகள் நின்று கேட்டுவிட்டுப் பத்தாவது இடத்துக்குப் போகிறார்கள். மூன்று வாரம் கழித்து ஜெரோலமோ வீட்டுக்கு வந்து சன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்தான். கிளேலியா பத்து மீட்டர் கயிறு வாங்கி வந்தாள். ஒரு முனையைத் தொமாசினாவிடம் எறிந்து, மறுமுனையைக் கொக்கியில் முடிந்து, அவன் சட்டைகளை ஒவ்வொன்றாக உதறிக் கவ்வி போட்டாள். கடைசிச் சட்டையைப் போடும்போது, திரும்பாமல் கேட்டாள்.

“அந்தக் கப்பலுக்குப் பேரு என்ன, ஜெரோ?”