ஒரே மடிப்பு வலைகள்

எண்பதாம் ஆண்டு தவக்காலம் முடிந்த கையோடு, மன்னார்த் தீவில் பேசாலைக்கு மேற்கே உள்ள எங்கள் கரையில், காயப்போட்ட வலைகள் தாமாக மடியத் தொடங்கின. அந்தக் கிழமை அறக்குளா மீன் நல்ல விலை போனது. வெயில் ஏறியதும் வலை ஒரு நெளிவு நெளியும், சுருளும், குறுக்கே மடியும், கடைசியில் ஒரு உருவமாக இறுகிக் கிடக்கும். கடல் தண்ணீர் பட்டால் விரிந்து ஒழுங்காக மீன் பிடிக்கும். மறுபடி காய்ந்தால் அதே உருவம். ஒவ்வொரு வீட்டு வலைக்கும் ஒவ்வொரு மடிப்பு. முதலில் செய்வினை என்றார்கள், பிறகு நூல் சரியில்லை என்றார்கள், மாதாவுக்கு நேர்த்தி வைத்தார்கள். ஒன்றும் மாறவில்லை என்றதும் விட்டுவிட்டார்கள். எத்தனை நாளைக்குத்தான் ஒரு வலையை வாய் பிளந்து பார்ப்பது?

வள்ளமும் வலையும் சொந்தமாக வைத்திருந்த பஸ்ரியன் சம்மாட்டியின் மகள் பெற்றிசியா பேராதனைப் பல்கலைக்கழகத்தில் உயிர் இரசாயனம் படித்துக்கொண்டிருந்தாள். லீவில் வந்தவள் கரையில் கால் வைத்ததும், "ஐயோ, இது புரதமல்லோ!" என்று கத்தினாள். மனிதன் உடம்பிலும் மீன் உடம்பிலும் இருக்கிற புரதம் நீளமான நூல் மாதிரியாம். தனக்கென்று ஒரு விதமாக மடிந்தால்தான் அது வேலை செய்யுமாம். பெரிய படிப்பாளிகள் அந்த மடிப்புகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்து வகை பிரிக்கிறார்களாம். பிறகு அவள் சும்மா இருப்பாளா? வலையின்மேல் வலையை வைத்து, மடிப்புக்கு மடிப்பு பொருந்துகிறதா என்று பார்த்தாள். சுருள் சுருளாக மடிந்த வலைக்காரரின் வேலியில் சிவப்புத் துணி கட்டினாள், பாய்போல் தட்டையாக மடிந்ததற்கு நீலம், இரண்டும் கலந்ததற்கு மஞ்சள். உட்பிரிவுக்குத் துணியில் முடிச்சுகள். வலையின் மற்றத் தலைப்பைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டியிருந்தது. பக்கத்து மீன்வாடி டொமினிக் பிடித்தான். இரண்டு வருட லீவும் அவன்தான் பிடித்தான். ஊருக்கு விளங்கியது.

எங்கள் சனத்திடம் எதைப் பிரித்துக் கொடுத்தாலும் முதலில் கலியாண முறைதான் பார்க்கும். ஒரே துணி, ஒரே முடிச்சு என்றால் அண்ணன் தங்கை முறை, வேறு துணி என்றால் மச்சான் மச்சாள் முறை என்று தாங்களே தீர்ப்பு எழுதிக்கொண்டார்கள். பெற்றிசியா விழுந்து விழுந்து சிரித்தாள். திருத்தவில்லை. படித்தவளுக்கு அந்த இடத்தில் புத்தி எங்கே போனதோ.

கோயிலில் கலியாண ஓலையை மூன்று ஞாயிறு வாசிப்பார்கள், தடை தெரிந்தவர் எழுந்து சொல்ல வேண்டும். பெற்றிசியா, டொமினிக் ஓலை மூன்றாம் முறை வாசித்தபோது சிங்கராசா எழுந்தார். டொமினிக்கைத் தன் மகள் அன்ரோனெற்றுக்குக் கேட்டுக் கிடைக்காத மனிதர்.

"பாதர், இதுகள் ரெண்டும் சகோதர முறை. ரெண்டு வேலியிலயும் ஒரே மஞ்சள், ஒரே முடிச்சு. துணி கட்டினவளும் இவள்தான்!"

பாதர் கலியாணத்தை நிறுத்திவைத்தார். டொமினிக்கின் தாய் றஞ்சிதம் அடுத்த நாளே வேறு பெண் தேடக் கிளம்பினாள். பெற்றிசியா இரண்டு வீட்டு வலைகளையும் கோயில் முற்றத்துக்கு இழுத்து வந்து ஊரைக் கூட்டினாள்.

"பாதர், வடிவாப் பாருங்கோ. நூல் வேற, வலைக்கண் வேற, முடிச்சு விழுந்த ஒழுங்கும் வேற. இறுக்கமா மடியிறதுக்கு உலகத்தில கொஞ்ச வழிதான் இருக்கு. சொந்தமில்லாததுகளும் அந்த வழிக்குள்ளதான் வந்து விழும்."

யார் கேட்டார்கள்? அவளுக்கு அழுகை வந்தது, ஆத்திரமும் வந்தது, ஆத்திரம் முந்திக்கொண்டது. முற்றத்து ஓரத்தில் பக்கத்து ஊர் தாராபுரத்துக் கலந்தரின் கழுதை நின்றது. கடலில் நனைந்த அதன் கயிறும் காய்ந்து மடிந்துபோய்க் கிடந்தது. அதை அவிழ்த்தெடுத்துக்கொண்டு நேரே சிங்கராசாவின் வாடிக்குப் போனாள், ஊரும் பின்னால் போனது. சிங்கராசாவின் வலைமேல் கயிற்றை வைத்தாள். அச்சொட்டாகப் பொருந்தியது.

"யா அல்லா, என்ட கழுதைக்கு இங்க இவ்வளவு பெரிய சொந்தமா!" என்றார் கலந்தர். கழுதையை அன்றுதான் முதல்முறை மரியாதையாகப் பார்த்தார்.

பாதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சிங்கராசா, உங்கட தடையை நான் ஏற்கிறதெண்டா இந்தக் கழுதையாருக்கும் ஞானஸ்நானம் குடுக்கவேணும். நீங்கள்தான் ஞானத்தகப்பனா நிக்கோணும். சம்மதமோ?"

சிங்கராசா தடையை விலக்கிக்கொண்டார். வேலித் துணிகளைச் சனம் அன்றைக்கே அவிழ்த்துச் சட்டி துடைக்கக் கொண்டுபோனது.

வைகாசியில் கலியாணம் நடந்தது. பஸ்ரியன் சம்மாட்டி தன் வலையில் பாதியைச் சீதனமாகக் கொடுத்தார், டொமினிக் அதைத் தன் வலையோடு சேர்த்துத் தைத்தான். காய்ந்தபோது இரண்டு பாதியும் தனித்தனியே அதே உருவமாக மடிந்து, ஒன்றையொன்று பார்த்துத் திரும்பி, இறுகப் பிடித்துக்கொண்டன. நாலு ஆண்கள் இழுத்தும் பிரியவில்லை, கடலில் போட்டும் விரியவில்லை. சில புரதங்கள் இப்படிச் சோடி சேர்ந்துதான் வேலை செய்யும் என்று பெற்றிசியா நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். அந்தக் கிழமை முழுக்க டொமினிக் தொழிலுக்குப் போகவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு வலையைக் காட்டினான். வலைதான் காரணம் என்று ஊரும் ஒத்துக்கொண்டது.