பாலத்தில் எடுத்த திசை

பாதி வயலைத் தாண்டியபின் எதற்கோ திரும்பிப் பார்த்தேன். தூரத்தில் நடைபாலம் தெரிந்தது. நாங்கள் தேடும் இடம் சரியென்றால், தண்ணீர்த் தொட்டி அதை மறைத்தபடி நின்றிருக்க வேண்டும். தொட்டியோ இடது பக்கம் வெகுவாக விலகி நின்றது.

வியாழன் மாலை, நில அளவை வகுப்புக்குப் போகிற வழியில் அந்தப் பாலத்தில் நின்று, வானத்தில் ஒரு நெருப்புக் கோளத்தைப் பார்த்தேன். பச்சையாக எரிந்து, மூன்றாக உடைந்து, தண்ணீர்த் தொட்டிக்கு நேர் பின்னால் மறைந்தது. மற்றவர்கள் வாயைப் பிளந்து நிற்கையில், நான் திசைகாட்டியை எடுத்து, கை நடுங்காமலிருக்கப் பாலத்தின் கைப்பிடியில் ஊன்றி, அது மறைந்த திசையை அளந்தேன். மூன்று முறையும் ஒரே எண். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட. என் கோடும், ஊரின் மறுகோடியிலிருந்து ஒருவர் பார்த்த கோடும் வெட்டிக்கொண்ட இடம்தான் இந்த வயல். காலையிலிருந்து வகுப்பு ஆசிரியர், தானும் அதைப் பார்த்ததாகச் சொன்ன பேக்கரிக்காரர் உட்படப் பதினெட்டுப் பேர் வரிசையாகத் தரையைப் பார்த்து நடக்கிறோம். விழுந்த விண்கல்லை, வயலை உழுவதற்கு முன் எடுத்தால்தான் உண்டு.

"என்னடி, வேர் விட்டுட்டியா? வரிசை கோணுது" என்றாள் அக்கா. ஆஸ்பத்திரியில் இரவு வேலை முடித்து, எனக்காகத் தூங்காமல் வந்திருந்தாள்.

"அக்கா, அந்தக் கைப்பிடி இரும்பு."

"அதுக்கு?"

"திசைகாட்டி முள்ளை இழுத்திருக்கும். முதல் வகுப்புலயே சொல்லிக்குடுத்தாங்க."

"மூணு தடவ பாத்தேன்னு தம்பட்டம் அடிச்சியே!"

"மூணு தடவயும் அதே இரும்புமேலதான் வச்சேன்."

அக்கா சிரிக்கவில்லை. அவள் பார்வை வாய்க்காலுக்கு அப்பால் போனது. தொட்டியின் நேர்க்கோட்டில் இருந்த அந்த வயலில் டிராக்டர் ஓடிக்கொண்டிருந்தது. முக்கால்வாசி கறுப்பாகப் புரண்டிருந்தது. மீதி, உழாத ஒரு பட்டை.

பேசாமல் நடந்துவிட்டால் என்ன? கல் கிடைக்கவில்லை என்று எல்லோரும் வீட்டுக்குப் போவார்கள். யாருக்கும் தெரியாது. அப்படி நினைத்ததையும் இங்கே எழுதத்தான் வேண்டும்.

"சார்!" என்று கத்தினேன். "இடம் இது இல்ல. தப்பு என்னோடது."

வகுப்பு ஆசிரியர் வரைபடத்தோடு நிமிர்ந்தார். நான் சொன்னதைக் கேட்டதும் அவர் முகம் சுருங்கியது. "பேக்கரிக்காரர் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்னுதாம்மா சொன்னாரு. உன் எண்ணப் பாத்துட்டு அவரத்தான் கிண்டல் பண்ணினோம்."

பேக்கரிக்காரர் பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டி, முதல் ஆளாக வாய்க்காலில் இறங்கினார். நான் செருப்பை விட்டுவிட்டு ஓடினேன். இரண்டு கைகளையும் வீசிக் கத்தினேன். டிராக்டர்காரர் காதில் பாட்டுக் கேட்கும் கருவி. முதுகு எங்கள் பக்கம். கலப்பை அந்தப் பட்டையின் ஓரத்தில் இறங்கியது. பின்னால் புரண்ட ஈரமண்ணில் வெள்ளைப் பறவைகள் ஒவ்வொன்றாக வந்து அமர்ந்தன.