இரண்டு தட்டு

"ஆபீஸ்ல வந்து அக்கான்னு கூப்பிட்டுத் தொலைக்காத" என்பது அக்கா போட்ட ஒரே நிபந்தனை. மருந்து மொத்த விற்பனைக் கடையில் பில் போடுகிறவள் அவள். அங்கே ஓடிக்கொண்டிருந்த பழைய ப்ரோக்ராமைத் தூக்கிவிட்டுப் புதிதாக எழுத வந்தவள் தங்கை. "உன் சாமான் சொதப்புச்சுன்னா திட்டு எனக்குத்தான் விழும்."

உண்மையான பயம் வேறு. அக்காவுக்குப் பார்வை மங்கிக்கொண்டே வந்தது. திரையைப் பார்க்காமல் விரல் பழக்கத்திலேயே பில் போட்டாள். புள்ளி வைத்தால் போன தடவை வாங்கிய அதே மருந்து, சாய்கோடு போட்டால் அதே அளவு. புதியதில் கை ஓடாதவர்களைப் பேக்கிங்குக்கு மாற்றுவதாக மேனேஜர் சொல்லியிருந்தார். மாத்திரை அட்டையில் பொடி எழுத்தைப் படிக்க வேண்டிய இடம் அது. அங்கே போனால் அக்காவின் குட்டு உடைந்துவிடும், வேலையும் போய்விடும்.

அதனால் பழையதில் இருந்த ஒரு குறுக்குவழியைக்கூட விடாமல் தங்கை புதியதிலும் வைத்தாள். "மியூசியமா கட்டுற?" என்று அவளுடைய டீம் லீடர் கிண்டல் செய்தார். சிரித்துவிட்டு எழுதினாள்.

இத்தனை பாடுபட்டும் ஒத்திகையில் மானம் போயிற்று. அக்கா முதல் மருந்தைப் போட்டதுமே பில் முடிந்து அச்சாகி வந்தது. அடுத்ததும் அப்படியே. மேனேஜர் உதட்டைப் பிதுக்கினார். அக்கா வெளிறிப்போனாள்.

தங்கை அவள் விரல்களையே பார்த்தாள். "ஏன் மேடம், என்டரை ரெண்டு தடவ தட்டுறீங்க?"

"ஒரு தட்டுல உள்ள போகாது மேடம்" என்றாள் அக்கா, கூடப் பிறந்தவளிடம்.

பழைய ப்ரோக்ராம் முதல் தட்டை விழுங்கிவிடுமாம். கவுண்டரில் எல்லோர் கையும் அப்படியே பழகியிருந்தது. புதியதிலோ இரண்டாவது தட்டு பில்லை முடித்துவிட்டது.

"ஓட்டையையும் சேர்த்தா கட்டித் தருவோம்?" என்றார் டீம் லீடர்.

"நமக்கு ஓட்டை சார். அவங்களுக்கு அதான் வழி."

அடுத்தடுத்து விழும் இரண்டு தட்டை ஒன்றாக எடுத்துக்கொள்ளவும், நிறுத்தித் தனியாகத் தட்டினால் பில்லை முடிக்கவும் எழுதினாள். மண்டை காய்ந்துபோயிற்று. ஆனாலும் விட்டேனா பார் என்று முடித்தாள்.

மாற்றிய அன்று கவுண்டரில் கூட்டம் நெரித்தது. அக்கா தலை நிமிரவே இல்லை. விரல்கள் படபடவென்று பறந்தன, பில்கள் வந்து விழுந்தன. சாப்பாட்டு நேரம் நெருங்கியபோது மேனேஜரைக் கேட்டாள்: "இன்னைக்கு மாத்துறோம்னீங்களே சார், எப்ப?"

"காலையிலயே மாத்தியாச்சும்மா."

அக்காவின் கை அப்படியே நின்றது. மாற்றியதே தெரியாமல் மாற்றிவிட்டோம் என்ற பெருமை பின்னால் நின்ற தங்கைக்குத் தாங்கவில்லை.

"என்னம்மா நின்னுட்டீங்க?" என்றார் வரிசையில் முதலில் நின்றவர்.

"ஒரு நிமிஷம் பொறுங்க" என்ற அக்கா எழுந்து கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்: "இத எழுதினது என் தங்கச்சி."

போட்ட நிபந்தனை போன இடம் தெரியவில்லை.

"அங்க என்னடி நிக்கிற, இங்க வா" என்றாள்.