முன்னதாக வரும் ஆமென்

இதோ, இன்றைக்கும் நான்தான் முதலில் முடித்துவிட்டேன். பக்கத்தில் அவருக்குச் சொல்ல இன்னும் ராஜ்யம் இருக்கிறது, வல்லமை இருக்கிறது, மகிமை இருக்கிறது. அதுவரை கண்ணைத் திறக்கக் கூடாது. கொண்டைக்கடலையை ஊறப்போட்டேனா? சே, இதை இப்போது நினைக்கக் கூடாது. ஆண்டவரே, அம்மாவுக்கு மூட்டுவலி கொஞ்சம் குறையட்டும். அவ்வளவுதான். வேறு ஒன்றுமில்லை.

அமலி 'ஆமென்' என்ற சொல்லை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு காத்திருந்தாள். பக்கத்தில் அவள் கணவன் இனியன் அவசரமில்லாமல் மகிமைவரை போய்ச் சேர்ந்தான். பிறகு மூன்று குரல்களும் ஒன்றாக ஆமென் என்றன. மகள் ஜெஸ்ஸியின் ஆமென் வழக்கம்போலக் கத்தலாக வந்தது. ஜெபத்திலேயே அவளுக்கு மிகவும் பிடித்த சொல் அதுதான். அதற்குப் பிறகு கதை சொல்வார்கள்.

அணுபுரம் குடியிருப்பில் அவர்கள் வீட்டில் தூங்கப்போகும் முன் நடக்கும் குடும்ப ஜெபம் இப்படித்தான் முடியும். முதலில் இனியன் வேதத்திலிருந்து நாலைந்து வசனம் வாசிப்பான். பிறகு ஒரு பாட்டு. அமலி பாடினால் கேட்கும்படி இருக்கும். இனியன் சேர்ந்துகொண்டால் கீழ்வீட்டு நாய் பதில் சொல்லும். கடைசியில், இயேசு தம் சீடர்களுக்குக் கற்றுக்கொடுத்த அந்த ஜெபத்தை மூவரும் சேர்ந்து சொல்வார்கள். சேர்ந்து என்றால் ஒரே நேரத்தில். ஒரே சொற்களில் அல்ல.

இனியனுடையது சி.எஸ்.ஐ. குடும்பம். அவன் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து அணுமின் ஆலை வேலைக்கு வந்து இங்கேயே தங்கியவர். அவனும் இப்போது அதே ஆலையில். அமலி செங்கல்பட்டில் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்த கத்தோலிக்கப் பெண். அவன் 'பிதாவே' என்று தொடங்கும் இடத்தில் அவள் 'தந்தையே' என்பாள். அவன் ராஜ்யத்தைக் கூப்பிட்டால் இவள் ஆட்சியைக் கூப்பிடுவாள். அவன் ஆகாரம் கேட்பான், இவள் உணவு கேட்பாள். தீமையிலிருந்து விடுதலை கேட்டதோடு அவளுடையது முடிந்துவிடும். அவனுடையது அதற்கப்புறமும் ஒரு வரி போகும். எழுதும்போதுகூட அவளுக்கு அது செபம், அவனுக்கு ஜெபம்.

கல்யாணம் பேசும்போதே அவள் அவர்கள் சபைக்கு வந்துவிட வேண்டும் என்று முடிவாயிற்று. வந்தாள். வருத்தத்தோடு வந்தாள் என்று சொல்ல முடியாது. மாதா படத்தை அம்மா வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தாள். புதுப் பாட்டுகளைக் கற்றுக்கொண்டாள், ஆராதனையில் எப்போது எழுந்து எப்போது உட்கார வேண்டும் என்று பழகிக்கொண்டாள். எல்லாம் வந்தது. இந்த ஒரு ஜெபம் மட்டும் வரவில்லை. வாயைத் திறந்தால் பழையதுதான் வந்தது. கல்யாணமான புதிதில் ஒருநாள் மாமனார் வீட்டில் எல்லோரும் பிதாவே என்றபோது இவள் குரல் மட்டும் தந்தையே என்று தனியாகக் கேட்டது. வெட்கத்தில் பாதியில் நிறுத்திவிட்டாள். அறைக்கு வந்ததும் இனியன் சிரித்தான். வாய்க்கு வருவதையே சொல்லு, அவருக்கு இரண்டும் புரியும் என்றான். இவனோடு நன்றாகத்தான் இருப்பேன் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் நிச்சயமாயிற்று.

அவன் அந்தக் கடைசி வரியைச் சொல்லும் நேரம் அவளுடையதாக ஆனது பிறகுதான். சொல்லவேண்டியதையெல்லாம் சொல்லியாயிற்று. மற்றவர்கள் இன்னும் முடிக்கவில்லை. அந்தச் சின்ன இடைவெளியில் அவளை யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். செங்கல்பட்டு அரசு மருத்துவமனை ஆய்வகத்தில் பகல் முழுக்க அடுத்தவர் ரத்தத்தைக் குழாய் குழாயாகப் பார்த்துவிட்டு, பஸ்ஸில் நின்றுகொண்டே வீடு வந்து, சமைத்து, பரிமாறி, கழுவி முடித்தவளுக்கு அந்த நாளில் தனியாக அமைவது அது ஒன்றுதான். அதில் சில நாள் ஏதாவது கேட்பாள். பல நாள் ஒன்றும் கேட்கமாட்டாள். சும்மா இருப்பாள். சந்தோஷம் என்றால் இதுவாகத்தான் இருக்கும் என்று ஒருமுறை தோன்றியது. அதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால், இதுவா என்பார்கள்.

ஜெஸ்ஸி பிறந்ததிலிருந்து இரண்டையும் கேட்டு வளர்ந்ததால் அவள் சொல்வது மூன்றாவதாக ஒன்று. 'பிதா தந்தையே' என்று தொடங்குவாள். ஆகாரத்தையும் விடமாட்டாள், உணவையும் விடமாட்டாள். 'ஆகார உணவு' கேட்பாள். ரெண்டு பிளேட்டாகக் கேட்கிறாள் பார் என்பான் இனியன். சோதனை என்ற சொல் மட்டும் இரண்டிலும் ஒன்றே. அதற்கு அவள் சொந்தமாக ஒரு அர்த்தம் வைத்திருந்தாள். அப்பா தினமும் ஆலை வாசலில் பையைத் திறந்துகாட்டி, கையை விரித்து நின்று, சோதனை முடிந்த பிறகுதான் உள்ளே போக முடியும் என்று அவளுக்குத் தெரியும். அதனால் ஜெபத்தில் அந்த இடம் வரும்போது ஒரு கையை நீட்டி அப்பாவின் தோளைத் தட்டிக்கொடுப்பாள்.

"இன்னிக்கும் பையைத் தொறக்கச் சொன்னாங்களாப்பா?"

"சொன்னாங்கடா."

"சரி. நாளைக்கு இன்னும் சத்தமா வேண்டிக்கிறேன்."

அந்தச் சனிக்கிழமை இனியனின் அக்கா பிரதீபா நாவலூரிலிருந்து வந்தாள். அங்கே ஐ.டி. அலுவலகத்தில் வேலை. பக்கத்திலேயே பன்னிரண்டாவது மாடியில் புதிதாக வீடு வாங்கியிருந்தாள். அடுத்த வார ஞாயிறு புதுவீட்டுப் பிரதிஷ்டை ஜெபம். போதகர் வருகிறார், அலுவலக ஆட்கள் வருகிறார்கள். அத்தனை பேர் நடுவில் ஜெஸ்ஸி தனியாக நின்று அந்த ஜெபத்தைச் சொல்ல வேண்டும் என்பது அவள் ஆசை. அதற்காக வெள்ளையில் ஒரு கவுன்கூட வாங்கிவந்திருந்தாள்.

அன்று இரவு அவளும் பாயில் உட்கார்ந்தாள். 'பிதா தந்தையே' வந்ததும் ஒரு கண்ணைத் திறந்தாள். 'ஆகார உணவு' வந்தபோது இரண்டையும் திறந்தாள். ஆமென் சொன்ன பிறகு கண்ணீர் வரும்வரை சிரித்தாள். ஜெஸ்ஸியை மடியில் இழுத்துப்போட்டு முத்தமிட்டாள். குழந்தை தூங்கிய பிறகு அடுக்களைக்கு வந்து, அமலி கழுவிவைத்த பாத்திரங்களைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"அமலி, தப்பா எடுத்துக்காத. பிள்ளை ரெண்டையும் கேட்டுக் குழம்புதா. இந்த ஒரு வாரம் நீ மனசுக்குள்ளயே சொல்லேன். ஞாயித்துக்கிழமை முடியட்டும்."

பிரதீபா கெட்டவளாக இருந்தால் சுலபமாக இருந்திருக்கும். ஜெஸ்ஸி பிறந்தபோது லீவு போட்டுவிட்டு வந்து, அமலிக்கு வெந்நீர் வைத்துத் தலைக்கு ஊற்றியவள் அவள். அமலி சரி அண்ணி என்றாள். ஒரு வாரம்தானே.

முதல் நாள் அவர்கள் தொடங்கியபோது அவளும் உள்ளே தொடங்கினாள். ஆட்சி வந்தது, உணவு வந்தது. உணவிலிருந்து மனம் இட்லி மாவுக்குப் போயிற்று. மாவு பொங்கி வழிந்தால் அலமாரி ஈரமாகும், கரப்பான் வரும், மருந்து வாங்க வேண்டும். நினைவு வந்தபோது இனியனும் ஜெஸ்ஸியும் மகிமையில் இருந்தார்கள். அவள் பாதிகூட முடித்திருக்கவில்லை. அவளுக்கென்று இருந்த அந்த இடைவெளி அன்று வரவே இல்லை. மறுநாள் இன்னும் கவனமாகப் பிடித்துக்கொண்டாள். ஆனால் இனியனின் சத்தமான ஆகாரம் அவளுடைய சத்தமில்லாத உணவைத் துடைத்துக்கொண்டு போய்விட்டது. இத்தனை வருஷமாகத் தன் குரல் கடவுளுக்குக் கேட்கத்தான் என்று நினைத்திருந்தாள். அது இருட்டில் படி இறங்கும்போது பிடித்துக்கொள்கிற கைப்பிடி என்று இப்போதுதான் தெரிந்தது.

செங்கல்பட்டிலிருந்து அம்மா போன் செய்தபோது விளையாட்டாகச் சொல்வதுபோலச் சொன்னாள். அம்மா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"மனசுக்குள்ளயா? நீ மனசுக்குள்ள வெங்காய வெலதான் பேசிகினு இருப்ப. எனக்குத் தெரியாது?"

அதற்குமேல் அம்மா அதைப் பற்றிப் பேசவில்லை. அந்தப் பக்கம் நெத்திலி இன்னா விலைக்குப் போகிறது என்று விசாரித்துவிட்டு வைத்துவிட்டாள்.

ஜெஸ்ஸிதான் விடவில்லை. புதன்கிழமை ஜெபம் முடிந்ததும் அமலியின் முகத்துக்கு நேராக வந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, நீ இயேசப்பாவோட டூவா?"

"இல்லடா. அம்மா மனசுக்குள்ள சொல்றேன்."

"அது அவருக்குக் கேக்குமா?"

"கேக்கும்."

"அப்ப நானும் மனசுக்குள்ளயே சொல்றேன்."

நீ சத்தமாகத்தான் சொல்ல வேண்டும் என்றான் இனியன். ஏன், நான் சொன்னால் மட்டும் கேட்காதா என்றாள் ஜெஸ்ஸி. அவன் கதையை ஆரம்பித்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டாவது மாடியில் காற்று திரைச்சீலைகளைத் தூக்கி அடித்துக்கொண்டிருந்தது. ஜெஸ்ஸி வெள்ளைக் கவுனில் போதகரின் பக்கத்தில் நின்று, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, ஒரு பிழையில்லாமல் சொன்னாள். பிதாவே என்றாள். ராஜ்யம் என்றாள். ஆகாரம் என்றாள். சோதனை வந்தபோது கை தானாக நீண்டது. அப்பா எட்டவில்லை, போதகரின் கை அகப்பட்டது, அதைத் தட்டிக்கொடுத்தாள். போதகர் சிரிப்பை அடக்கிக்கொண்டு குனிந்து நின்றார்.

அமலிக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பொய்யான பெருமை இல்லை. இவ்வளவு பேர் முன்னால் தன் குழந்தை பயப்படாமல் நிற்கிறதே என்று கண் கலங்கியது. கூடவே இன்னொன்றும் நடந்தது. தன் சொற்கள் இருந்த இடங்கள் ஒவ்வொன்றாக வந்து போவதை அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். எங்கும் தடுக்கவில்லை. எல்லாம் வழுவழுவென்று போயிற்று. குழந்தை வளர்ந்த வீட்டில் அவள் இருந்திருக்கவே வேண்டியதில்லை என்பது போல.

சாப்பாடு முடிந்து, பிரதீபா கட்டிக்கொடுத்த பிரியாணிப் பொட்டலத்தோடு கிளம்பினார்கள். கோவளம் தாண்டிக் கடற்கரைச் சாலையில் வந்தபோது ஜெஸ்ஸிக்குக் கடல் வேண்டும் என்றாயிற்று. மாமல்லபுரத்தில் வண்டியை நிறுத்தினார்கள். புதுக் கவுனின் ஓரம் நனைந்தது. அமலி திட்டவில்லை. இனியன் வறுத்த மீன் வாங்கிவந்தான். முள்ளை எடுத்துவிட்டு முதல் துண்டை அமலியிடம் நீட்டினான். மீனில் உப்பு கூட. அலைச்சத்தத்தில் பேச்சு சரியாகக் கேட்கவில்லை. எனக்கு ஒரு குறையும் இல்லை என்று அமலி நினைத்தாள். அது உண்மைதான். குறை இல்லாத இடத்தில் எதற்காக இதை இவ்வளவு பிடித்துக்கொள்கிறேன் என்றும் நினைத்தாள். வீடு வந்துசேரும்வரை அதற்குப் பதில் தேடிக்கொண்டே வந்தாள்.

இரவு ஜெஸ்ஸி உடை மாற்றிக்கொண்டிருந்தாள். அமலி பாயை விரித்தாள். இனியன் வேதத்தை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தான். அவன் முகத்தில் அன்றைய நாளின் நிறைவு அப்படியே இருந்தது.

"எவ்ளோ அழகா சொன்னா பாத்தியா? இப்படியே விட்டுடலாமே, அமலி. இனிமே நீ மனசுக்குள்ளயே சொல்லிக்கோ. பிள்ளைக்கும் குழப்பம் இல்ல, உனக்கும் ஒண்ணும் நஷ்டம் இல்ல."

அமலி பாயின் சுருண்ட ஓரத்தைக் காலால் நீவிவிட்டாள். கோபம் வருகிறதா என்று பார்த்தாள். வரவில்லை. அவனுக்குத் தெரியாது, அவ்வளவுதான். அவள் சொன்னதே இல்லை. இப்போது சொல்லலாம். இது எந்தச் சபை என்கிற பேச்சே இல்லை, அம்மா வீட்டை விட முடியாத பிடிவாதமும் இல்லை, நீங்கள் அந்தக் கடைசி வரியைச் சொல்லும்போது நான் ஒரு இடத்துக்குப் போகிறேன், வாய்விட்டுச் சொன்னால்தான் அங்கே போய்ச்சேர முடிகிறது என்று சொல்லலாம். அவன் கேட்டுக்கொள்வான். தலையாட்டுவான். நாளை முதல் அந்த வரியைச் சொல்லும்போது அவள் அங்கே போய்விட்டாளா என்று ஒரு கண்ணைத் திறந்து பார்ப்பான்.

அதைச் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தாள்.

"இல்லங்க. நான் வாய்விட்டுத்தான் சொல்வேன்."

இனியன் நிமிர்ந்து பார்த்தான். அவள் குரலில் சண்டை எதுவும் இல்லாததால் எப்படி எடுத்துக்கொள்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"அவ மறுபடியும் ரெண்டையும் கலந்துடுவா."

"கலக்கட்டும். வெளியில எப்படிச் சொல்லணும்னு அவளுக்கு இப்பத் தெரியும். வூட்ல அம்மா எப்படிச் சொல்றான்னும் தெரியட்டும்."

"அக்கா கேட்டா?"

"நான் பேசிக்கிறேன்."

ஜெஸ்ஸி ஓடிவந்து இருவருக்கும் நடுவில் பொத்தென்று உட்கார்ந்தாள். தலைமுடியில் இன்னும் மணல் இருந்தது. இனியன் வசனம் வாசித்தான். பாட்டு முடிந்தது. மூவரும் முழங்காலிட்டார்கள். தொடங்குவதற்கு முன் அவன் குழந்தையின் தலைக்கு மேலாக அமலியைப் பார்த்து மெதுவாகக் கேட்டான்.

"இன்னிக்கு ஒரு நாளாவது மனசுக்குள்ள?"

"இன்னிக்கும் மாட்டேன்" என்றாள் அமலி, அவனைவிட மெதுவாக.